லேண்ட்லைனைத் துண்டிக்கும் முன்

அன்புள்ள கயலுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். திருப்பூரில் நீயும் உன் தோழிகள் இருவரும் சேர்ந்து பையிங் ஏஜென்ஸி தொடங்கி, அலுவலகத்துக்கு இடமும் பிடித்துவிட்டீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். மனது நிறைந்துபோனது. நீ அனுப்பிய கேள்வியையும் படித்தேன். கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கும் லேண்ட்லைனை ஒப்படைத்துவிட்டு, இணையவழி எண் ஒன்றை வாங்கி, மூன்று பேரின் மடிக்கணினியிலும் செல்பேசியிலும் சாஃப்ட்போன் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய்.

தாராளமாகப் போட்டுக்கொள். உன் வேலைக்கு அதுதான் பொருத்தம். நீ காலையில் சாயப்பட்டறையில் நிற்பாய், மதியம் பனியன் கம்பெனியில் இருப்பாய், மாலையில் ஜெர்மனிக்காரரோடு பேசுவாய். எங்கே இருந்தாலும் ஒரே எண் ஒலிக்க வேண்டும். ஒருத்தி எடுக்காவிட்டால் அடுத்தவளுக்குப் போக வேண்டும். நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்த காலத்தில் இதற்குத் தனி எக்ஸ்சேஞ்ச் பெட்டி வாங்கிச் சுவரில் மாட்டி, அறைக்கு அறை கம்பி இழுக்க வேண்டும். இன்று ஒரு மென்பொருளுக்குள் அது அடங்கிவிட்டது. இந்த வசதியைப் பார்த்துத் துறையில் இருந்த எவரும் சந்தோஷப்படாமல் இருக்க முடியாது.

ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொண்டு மாற வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நீளமான கடிதம். லேண்ட்லைனின் மறுமுனையில் உட்கார்ந்து உனக்காகச் சில வேலைகளை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. சாஃப்ட்போனுக்கு மாறும் அன்று அந்த வேலைகள் ஒழிந்துபோவதில்லை. ஒவ்வொன்றும் உன் மேசைக்கு வந்து உட்காரும். அவற்றை அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்கிறவளுக்கு இது நல்ல கருவி. விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்குகிறவளுக்கு எப்போதாவது ஒரு நாள் இடிக்கும்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோளாறு வரும்போது எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டுமே. நீ சாஃப்ட்போனைத் திறந்ததும், சேவை தரும் நிறுவனத்தின் கணினிக்கு அது தன் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லி, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பதிவு செய்துகொள்கிறது. யாராவது உன் எண்ணை அழைத்தால், அந்தக் கணினி நீ கடைசியாகப் பதிவான இடத்தைத் தேடி மணியடிக்கிறது. இந்தப் பேச்சுவார்த்தைக்கு எஸ்ஐபி என்று ஒரு விதிமுறை உண்டு. 1999-இல் வந்தது; 2002-இல் திருத்தி எழுதப்பட்ட வடிவத்தைத்தான் இன்றும் உலகம் பயன்படுத்துகிறது. மணியடிப்பதும், எடுப்பதும், வைப்பதும் எஸ்ஐபியின் வேலை. குரல் அதன் வழியே போவதில்லை. குரலைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி வேறொரு பாதையில் அனுப்புவார்கள். அதற்கு ஆர்டிபி என்று பெயர்.

இந்த இரண்டு பாதை விஷயத்தை மனதில் வைத்துக்கொள். ஏனென்றால் நீ சந்திக்கப்போகும் முதல் தொல்லையே அதில்தான் இருக்கிறது. மணி ஒழுங்காக அடிக்கும், நீ எடுப்பாய், எதிர்முனைக்காரர் பேசுவது உனக்குக் கேட்காது. அல்லது நீ பேசுவது அவருக்குக் கேட்காது. புதிதாக வைத்தவர்கள் உடனே ஹெட்செட்டை மாற்றுவார்கள், மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். பெரும்பாலும் பிழை அங்கே இருக்காது. உங்கள் ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிகளுக்கு வெளி உலகத்துக்குத் தெரிகிற முகவரி கிடையாது. எஸ்ஐபி பேச்சு எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. குரல் பொட்டலங்கள் வாசலோடு நின்றுவிடுகின்றன. போதாக்குறைக்கு, உதவுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பல ரூட்டர்களில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்று ஒரு அமைப்பு இருக்கும். அது முகவரிகளை இடையில் புகுந்து மாற்றிக் குழப்பத்தை அதிகமாக்கும். அதை அணைத்து வைக்கச் சொல். பிறகு சேவை நிறுவனத்திடம் ‘ஸ்டன்’, ‘டர்ன்’ வசதி இருக்கிறதா என்று கேட்டு, அந்த முகவரிகளைச் சாஃப்ட்போனில் போடு. பாதிப்பேரின் தலைவலி இதோடு தீர்ந்துவிடும்.

அடுத்தது குரலின் தரம். நூறு எம்பி ஃபைபர் இருக்கிறதே, பிறகு ஏன் குரல் வெட்டுகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கைப் பார். தொலைபேசிக் குரலுக்கு 1972 முதல் இருந்துவரும் ஜி.711 முறையில், ஒரு நொடிக்கு 8,000 தடவை குரலை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறோம். நொடிக்கு 64,000 பிட். அதை 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் நொடிக்கு 50 பொட்டலம். ஒவ்வொன்றுக்கும் முகவரிச் சீட்டு ஒட்டிய பிறகு ஏறக்குறைய 80 முதல் 90 கிலோபிட். உன் இணைப்பில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஆக வேகம் பிரச்சினை இல்லை. 50 பொட்டலமும் சீரான இடைவெளியில் வந்து சேர வேண்டும் என்பதுதான் பிரச்சினை. படம் பார்க்கும்போது இரண்டு விநாடி தாமதித்தாலும் குறையில்லை. பேச்சில் ஒரு வாய்ச்சொல் போய்ச் சேர 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு. பரிந்துரைக்கிறது. 400-ஐத் தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, ‘நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க’ என்று திணற வேண்டியதுதான்.

இந்தச் சீரைக் கெடுப்பது யார் தெரியுமா? உன் தோழிதான். நீ பேசிக்கொண்டிருக்கும்போது அவள் ஐந்நூறு சாம்பிள் படங்களை மேலே ஏற்றுவாள். ரேஷன் கடையில் ஒரே ஆள் தெரு முழுவதின் அட்டைகளையும் வாங்கிவந்து முன்னால் நிற்கும்போது, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்க்கு வந்தவள் பின்னால் நிற்கிற கதை. ரூட்டரின் வரிசையில் படங்கள் குவிந்துகிடக்க, குரல் பொட்டலம் தன் முறைக்குக் காத்திருந்து காலாவதியாகிவிடும். குரலுக்கு முன்னுரிமை தரும் வசதி பல ரூட்டர்களில் உண்டு. அதை இயக்கி வைக்கச் சொல். அந்த வசதி இல்லாத ரூட்டர் என்றால், மேலேற்றும் வேகத்துக்கு வரம்பு கட்டு. உன் மேசைக்கு வைஃபை வேண்டாம், கேபிள் இழுத்துவிடு. ஹெட்செட்டும் கம்பி உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் தன் பங்குக்குத் தாமதத்தைச் சேர்க்கும். எதிர்முனைக்காரர் தன் குரலே திரும்பக் கேட்கிறது என்றால் அது உன் பக்கத்துக் கோளாறு. உன் ஸ்பீக்கரிலிருந்து உன் மைக்குக்குள் அவர் குரல் போகிறது. ஹெட்செட் மாட்டினால் நின்றுவிடும்.

உன் தொழிலுக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் அழைப்பில் குரல் நேரில் பேசுவதுபோல் இருக்கும். சாதாரணத் தொலைபேசிக்கு அழைத்தால் குரல் சுருங்கிப்போகும். வாட்ஸ்அப் போன்றவை பயன்படுத்தும் ஓபஸ் என்ற முறை, மனிதக் காதுக்குக் கேட்கும் உச்ச ஸ்தாயி வரைக்கும் கொண்டுபோகக் கூடியது. பழைய தொலைபேசி வலையமைப்போ 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 வரைதான் விடும். நீ எவ்வளவு நல்ல சாஃப்ட்போன் வைத்தாலும், அழைப்பு அந்த வலையமைப்புக்குள் நுழைந்த கணமே மேல்பகுதி வெட்டுப்பட்டுவிடும். ஆங்கிலத்தின் ‘எஃப்’, ‘எஸ்’ இரண்டையும் பிரித்துக்காட்டும் ஓசை அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது. ஸ்டைல் நம்பரையும் கலர் கோடையும் வாயால் கேட்டு வெட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் நாங்கள் ஊர்ப் பெயரை எழுத்துக்கு ஒரு சொல் சொல்லித்தான் உறுதி செய்வோம். நீயும் அப்படியே செய். பேசி முடித்ததும் எழுத்திலும் அனுப்பு.

இப்போது நான் கொஞ்ச நேரம் நின்று சொல்ல வேண்டிய இடம்: மின்சாரம்.

பழைய லேண்ட்லைன் கரண்ட் போனாலும் பேசும். ஏன் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். அந்தத் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் உன் வீட்டிலிருந்து வரவில்லை, எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே இரண்டு கம்பிகளில் வந்தது. ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சிலும் பேட்டரி அறை என்று ஒன்று உண்டு. இரண்டு வோல்ட் செல்கள் இருபத்து நான்கை வரிசையாக இணைத்து 48 வோல்ட். உள்ளே நுழைந்தாலே அமில வாடை மூக்கில் ஏறும். செல்லுக்குச் செல் நீர்மட்டம் பார்த்து, அடர்த்தி அளந்து, நோட்டில் எழுதி வைப்போம். கரண்ட் போனால் பேட்டரி, பேட்டரி இறங்குவதற்குள் டீசல் ஜெனரேட்டர். ஊர் இருட்டில் கிடக்கும்போதும் டயல் டோன் வந்துகொண்டிருந்ததற்குப் பின்னால் இத்தனை பேரின் கை இருந்தது. அந்த வேலையை நான் பெருமையாகத்தான் நினைக்கிறேன்.

சாஃப்ட்போனில் அந்தப் பேட்டரி அறை நீதான். மடிக்கணினிக்கு உள்ளே பேட்டரி இருக்கிறது, சரி. ஃபைபர் வந்து நுழையும் அந்த வெள்ளைப் பெட்டிக்கு? ரூட்டருக்கு? கரண்ட் போன கணத்தில் அவை இரண்டும் செத்துவிடும், உன் எண்ணும் சேர்ந்து போய்விடும். அந்த இரண்டு பெட்டிகளும் குடிக்கிற மின்சாரம் மிகக் குறைவு. அவற்றுக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறார்கள், வாங்கி வை. இன்வர்ட்டர் இருந்தால் அந்த பிளக் பாயிண்ட் இன்வர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேள். கூடவே, உன் எண் பதிவில் இல்லாத நேரத்தில் அழைப்பு எங்கே போக வேண்டும் என்று சேவை நிறுவனத்தின் பக்கத்திலேயே குறித்து வை. அங்கே ஒரு செல்பேசி எண்ணைக் கொடுத்திருந்தால், உன் அலுவலகமே இருட்டில் இருந்தாலும் அழைப்பு உன்னைத் தேடி வரும்.

அப்படியும் எல்லாம் போகிற நாள் வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் பெய்த மழையை நீ மறந்திருக்க மாட்டாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றுவிட்டது. கரண்ட் இல்லை, செல் கோபுரங்களும் ஒவ்வொன்றாக அடங்கிப்போயின. உறவுக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் எத்தனை குடும்பங்கள் தவித்தன! அதனால் ஒரே வழியை மட்டும் நம்பி உட்காராதே. மூன்று பேரும் வேறு வேறு நிறுவனத்தின் சிம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிம் என்றதும் அவசர அழைப்பு நினைவுக்கு வருகிறது. 112, 108 ஆகியவற்றுக்குச் செல்பேசியின் சாதாரண அழைப்பிலிருந்தே பேசு. சாஃப்ட்போனிலிருந்து முயற்சி செய்துகொண்டு நேரத்தைப் போக்காதே. லேண்ட்லைன் ஒரு முகவரியில் நிற்கிறது. செல்பேசி எந்தக் கோபுரத்துக்கு அருகில் இருக்கிறது என்று வலையமைப்புக்குத் தெரியும். இணையவழி எண்ணுக்கு இடம் கிடையாது. சென்னைக் குறியீட்டு எண்ணை நீ திருப்பூரில் வைத்துப் பேசலாம், அதுதான் அதன் அழகு. ஆனால் ஆம்புலன்ஸுக்கு அது உதவாது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 2005 தொடக்கத்தில் ஒரு வீட்டுக்குள் ஆட்கள் புகுந்து பெற்றோரைச் சுட்டபோது, மகள் இணையத் தொலைபேசியில் 911-ஐ அழைத்திருக்கிறாள். இணைப்பு கிடைக்கவில்லை. அதே ஆண்டில் அந்த நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம், தொலைபேசி வலையமைப்போடு இணைந்த எல்லா இணையவழிச் சேவைகளும் 911 வசதி தந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. உங்கள் அலுவலகத்தில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடு. சுவரில் எழுதி ஒட்டினாலும் நல்லது.

காவலைப் பற்றிச் சொல்கிறேன். இதில்தான் பணம் போகும்.

உலகம் முழுவதும் எஸ்ஐபி கணக்குகளைத் தேடிக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் நிரல்கள் இருக்கின்றன. இரவு பகல் கிடையாது. 5060 என்ற வாசலைத் திறந்துவைத்து ஒரு கணினியை இணையத்தில் விட்டால், கொஞ்ச நேரத்திலேயே தட்டத் தொடங்கிவிடுவார்கள். 101 என்ற பயனர் பெயருக்கு 101 என்றே கடவுச்சொல் வைத்திருக்கிறாயா என்பதுதான் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. உள்ளே நுழைந்துவிட்டால் உன் தகவல்களைத் திருடுவது அவர்கள் நோக்கமாக இருக்காது. உன் கணக்கிலிருந்து எங்கோ இருக்கும் தூரதேச எண்களுக்கும் பிரீமியம் எண்களுக்கும் விடாமல் அழைப்பு போடுவார்கள். அந்த எண்களில் நிமிடத்துக்கு வசூலாகும் பணத்தில் அவர்களுக்குப் பங்கு. சனிக்கிழமை இரவு தொடங்கினால் திங்கட்கிழமை காலை நீ கதவைத் திறக்கும்வரை ஓடும். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் தீபாவளி விடுமுறையில் இப்படி நடந்தது. பில்லைப் பார்த்துவிட்டு முதலாளி என்னிடம் வந்து உட்கார்ந்த கோலம் கண்ணிலேயே நிற்கிறது. சேவை நிறுவனம் கையை விரித்துவிட்டது. அழைப்பு உங்கள் கணக்கிலிருந்துதான் போயிருக்கிறது என்றார்கள். ஒப்பந்தப்படி அது சரியும்தான்.

எங்கள் காலத்தில் வெளிநாட்டு அழைப்பு வேண்டுமென்றால் எழுதிக்கொடுத்து, டெபாசிட் கட்டி, ஐ.எஸ்.டி. திறந்துகொள்ள வேண்டும். மக்கள் அதைத் தொந்தரவு என்று நினைத்தார்கள். அது ஒரு பூட்டு. நீ அந்தப் பூட்டை உன் கையாலேயே போட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு அழைப்பை முழுக்க மூடச் சொல்லிவிட்டு, ஜெர்மனி, இங்கிலாந்து என்று உனக்கு வேண்டிய நாடுகளை மட்டும் திறந்துகொள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கச் சொல். முன்பணம் கட்டிப் பேசும் திட்டம் என்றால் தானாகப் பணம் நிரப்பும் வசதியை இயக்காதே. போனால் இருப்பதோடு போகட்டும். கடவுச்சொல்லை மென்பொருளே உருவாக்கட்டும், நீளமாக, ஆளுக்கு ஒன்றாக. வேலையை விட்டுப் போகிறவளின் கணக்கை அன்று மாலைக்குள் மூடு.

உன் தொழிலில் புழங்கும்போது யாராவது வந்து ‘மேடம், மலிவான ரூட் இருக்கு’ என்று சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இணையம் வழியே இங்கே கொண்டுவந்து, சிம் பெட்டியில் செருகியிருக்கும் நூறு சிம்களில் ஒன்றின் வழியாக உள்ளூர் அழைப்புபோல் வெளியே விடுவது அது. அழைப்பது துபாயா, கம்போடியாவா என்று எடுக்கிறவருக்குத் தெரியாது. திரையில் நம்மூர் எண்தான் தெரியும். டிஜிட்டல் கைது என்று மிரட்டிப் பெரியவர்களின் ஓய்வூதியத்தைப் பறிக்கிறார்களே, அந்த அழைப்புகளில் பலவும் இப்படிப்பட்ட கள்ள வழிகளில் உள்ளே வருகின்றன. 2024 அக்டோபரில், இந்திய எண்போல் வேடமிட்டு வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாட்டை அரசு தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகள் பிடிபட்டதாக அறிவித்தார்கள். அந்தக் கதவு மூடினால் சிம் பெட்டிக்கு மவுசு கூடத்தான் செய்யும். மாடியில் ஒரு பெட்டி வைத்துக்கொள்கிறோம், மாதம் வாடகை தருகிறோம், இணைய இணைப்பு மட்டும் கொடுங்கள் என்று யாராவது கேட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. வேலை தேடும் உன் நண்பர்களுக்கும் சொல். அந்தப் பெட்டிக்கு சிம் மாற்றிப்போடும் சம்பளத்துக்குப் போய் வழக்கில் சிக்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சட்டப்படி எது சரி என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசிக்கு அனுமதி வந்தது. அப்போது கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம். உள்நாட்டுத் தொலைபேசி எண்ணுக்கு இணையம் வழியே பேசக் கூடாது. 2018-இல்தான் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணையவழியில் எண் தந்து எல்லா எண்களுக்கும் பேச வைக்கலாம் என்று தெளிவானது. அந்த ஜூலையில் பிஎஸ்என்எல் ‘விங்ஸ்’ என்று ஆண்டுக்கு 1,099 ரூபாய்க்குச் சாஃப்ட்போன் சேவை கொண்டுவந்தபோது, சிம்மே இல்லாமல் பத்து இலக்க எண்ணா என்று பலருக்கு ஆச்சரியம். ஆக, உனக்கு எண் தருகிறவரிடம் இந்திய உரிமம் இருக்கிறதா, அல்லது உரிமம் உள்ள நிறுவனத்திடமிருந்து முறையாக வாங்கித் தருகிறாரா என்று கேட்டுவிடு. அடையாள ஆவணம் எதுவும் கேட்காமல் எண் தருகிறேன் என்பவரிடம் வாங்காதே. நீ அழைக்கும்போது எதிர்முனையில் வேறு எண்ணைக் காட்டும் வசதி மென்பொருளில் இருந்தாலும் அதைத் தொடாதே. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதைச் சிறைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது.

துபாயில் சரக்கு வாங்குகிற ஆட்கள் இருப்பதாகச் சொன்னாய். அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்பு வேலை செய்யாது. அங்கே அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேச வேண்டும். சவுதியில் 2017-இல் இணைய அழைப்புகளுக்கான தடையை விலக்கிக்கொண்டார்கள், அமீரகத்தில் இல்லை. நீ அங்கே போகும்போது விபிஎன் போட்டுக் கடந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அந்த ஊர்ச் சட்டம் கடுமையானது. அவர்கள் எந்தச் செயலியில் இருக்கிறார்களோ அதை நீ உன் செல்பேசியில் ஏற்றிக்கொள், முடிந்தது.

ஸ்கைப்பைப் பற்றி உன் வயதுக்காரர்களுக்கு என்ன தெரியும் என்று தெரியவில்லை. 2003 ஆகஸ்டில் வந்தது. எஸ்தோனியாவில் இருந்த சில இளைஞர்கள் எழுதிய மென்பொருள். உலகத்தின் பாதிப் பேர் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள். 2011-இல் மைக்ரோசாஃப்ட் அதை 850 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 மே 5 அன்று மூடிவிட்டார்கள். அதில் காசு கொடுத்து எண் வாங்கித் தொழில் நடத்தியவர்கள் எண்ணை வேறு இடத்துக்கு மாற்ற வழி தேடி ஓட வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் அவ்வளவு பெரிய பெயருக்கே ஆயுள் இருபத்தொரு ஆண்டுதான். உன் எண் உன் விசிட்டிங் கார்டில் இருக்கும், பெட்டியின் மேல் அச்சாகும், பத்து வருடம் கழித்து ஒருவர் பழைய டைரியைப் பார்த்து அழைப்பார். ஆகவே அந்த எண்ணை யார் வைத்திருக்கிறார் என்பது மாதக் கட்டணத்தை விடப் பெரிய கேள்வி. செல்பேசி எண்ணை நிறுவனம் மாற்றி எடுத்துச்செல்லும் உரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. இணையவழி அலுவலக எண்ணுக்கும் அப்படியே என்று நீயாக முடிவு செய்துகொள்ளாதே. விலகினால் எண் யாருடையது, நிறுவனம் மூடினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, இவற்றை எழுத்தில் வாங்கு. வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, ஏற்றுமதிப் பதிவு எதையும் அந்த எண்ணோடு கட்டாதே. ஓடிபி வராத எண்ணில் சிக்கிக்கொண்டால் மீள்வது பெரும்பாடு. அவற்றுக்கெல்லாம் உன் பெயரில் உள்ள சிம்தான்.

கடைசியாக, காது. நான் டிரங்க் போர்டில் உட்கார்ந்தபோது ஊர்க்கதை எல்லாம் என் ஹெட்செட்டில் போகும். 180-ஐச் சுழற்றி பம்பாய்க்கு, குறிப்பிட்ட ஆளையே கூப்பிட்டுத் தரும் பி.பி. கால் கேட்டுவிட்டு நாள் முழுக்கக் காத்திருப்பார்கள். லைன் சரியாகக் கிடைத்ததா என்று பார்க்க நாங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். யார் வீட்டில் சாவு, யார் கடையில் நஷ்டம், எந்தக் கல்யாணம் நின்றுபோனது, எல்லாம் தெரியும். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின்படி அதை வெளியே சொன்னால் குற்றம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நாங்கள் வாயை மூடவில்லை. நம்பிப் பேசுகிறார்கள் என்ற நினைப்பு எங்களுக்கு இருந்தது. வீட்டில் சாப்பிடும்போதுகூட அந்தப் பேச்சு எடுக்க மாட்டோம்.

உன் சாஃப்ட்போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா அழைப்பும் பதிவாகும். சேவை நிறுவனத்தின் கணினியில் மாதக்கணக்கில் கிடக்கும். பையர் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசியது, தையல்காரர் மகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்பணம் கேட்டது, எல்லாம் அதில் இருக்கும். தேவை இருந்தால் மட்டும் பதிவு செய். செய்வதாக இருந்தால் பேச்சின் தொடக்கத்திலேயே எதிராளிக்குச் சொல். எத்தனை நாள் வைத்திருப்பாய், யார் கேட்கலாம் என்று உங்கள் மூவருக்குள் முடிவு செய்துகொண்டு, நாள் முடிந்ததும் அழித்துவிடு. பேச்சு போகும் பாதையில் பிறர் ஒட்டுக்கேட்காமல் இருக்க டிஎல்எஸ், எஸ்ஆர்டிபி என்ற இரண்டையும் அமைப்பில் இயக்கச் சொல். நிறுவனம் அவற்றைத் தரவில்லை என்றால் வேறு நிறுவனம் பார். இதில் மட்டும் விலையைப் பார்க்காதே கயல்.

லேண்ட்லைனை உடனே ஒப்படைத்துவிடாதே. மூன்று மாதம் இரண்டும் ஓடட்டும். அதற்குள் ஒரு மழைக்காலம் வரட்டும், ஒரு ஷிப்மெண்ட் நெருக்கடி வரட்டும், ஒரு நாள் முழுக்கக் கரண்ட் போகட்டும். செல்பேசியில் திரை அணைந்திருக்கும்போது மணி அடிக்கிறதா என்றும் அப்போது பார்த்துக்கொள். ஆண்ட்ராய்டு பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று சாஃப்ட்போனைத் தூங்க வைத்துவிடும். அமைப்பில் போய் அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுத்து வை. நீ விசாரித்த இரண்டு நிறுவனங்களும் அனுப்பிய கட்டணப் பட்டியலையும் ஒப்பந்தத்தையும் எனக்கு அனுப்பு. ஒப்பந்தத்தில் ‘அங்கீகாரமற்ற பயன்பாடு’ என்று ஒரு பத்தி இருக்கும், பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய பக்கத்தில். அதை நானும் ஒரு தடவை படித்துப் பார்த்துச் சொல்கிறேன். கையெழுத்தை அதற்குப் பிறகு போடலாம்.

அன்புடன்,
பெரியம்மா